பனமலையில் பார்க்க என்ன இருக்கிறது?

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு விழுப்புரம் மாவட்டம் என்பது பேருந்து ஜன்னலில் அடிக்கும் வெயில். திண்டிவனம் தாண்டும், விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரும், ஒரு டீ, கொஞ்சம் தூக்கம், அவ்வளவுதான். வழியில் குவிந்து கிடக்கும் பாறைக் குன்றுகளைக் காட்டி யாராவது கேட்டால், "இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லைங்க, வெறும் பாறை" என்று பதில் வரும். வெளியூர்க்காரர்கள் அப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். செஞ்சியிலும் அன்னியூரிலும் பிறந்து வளர்ந்தவர்களே, வீட்டுக்கு வந்த விருந்தாளி "எங்கே போகலாம்?" என்று கேட்டால், குற்றாலத்துக்கும் ஒகேனக்கலுக்கும் வழி சொல்கிறார்கள். மிஞ்சினால் கல்வராயன் மலையில் மேகம் அருவி, பெரியார் அருவி என்பார்கள். அதுவும் 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதோடு கைவிட்டுப் போயிற்று என்று ஒரு பெருமூச்சு வேறு.

இந்தப் பேச்சுக்குள் மூன்று தீர்ப்புகள் அடங்கியிருக்கின்றன. இது தண்ணீர் இல்லாத நிலம் என்பது ஒன்று. தண்ணீர் இல்லாததால் நடந்து போய்ப் பார்க்க இங்கே எதுவும் இல்லை என்பது இரண்டாவது. பார்க்க எதுவும் இல்லாத பாறையை இரண்டே வழியில்தான் பயன்படுத்த முடியும்: ஏதாவது கட்டி அதைச் சுற்றுலாத் தலமாக்கலாம், இல்லையென்றால் உடைத்து ஜல்லியாக்கலாம் என்பது மூன்றாவது. மூன்றையும் நான் மறுக்கிறேன். மூன்றாவது தீர்ப்பு உயிர்வாழ்வது முதல் இரண்டின் தயவில் என்பதால் அந்த இரண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

தண்ணீர் இல்லாத நிலமா இது? விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 செ.மீ. மழை பெய்கிறது. பாலைவனம் என்று உலகம் பெயரிட்டிருக்கும் இடங்களில் பெய்வது 25 செ.மீ.க்கும் குறைவு. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. பதிவானது. ஒரு பாலைவனம் இரண்டு ஆண்டுகளில் காணாத மழையை ஒரே நாளில் வாங்கிய மண் இது. பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மிச்ச மாதங்களில் பல காய்கின்றன. மழை இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. வந்த மழையை எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த மண்ணின் கேள்வி, அன்றும் இன்றும்.

அந்தக் கேள்விக்கு விடை சொன்னது பாறை. இதைத்தான் "வெறும் பாறை" என்கிறவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். செஞ்சி வட்டாரத்துக் கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. மழையைக் குடிக்காது. மேலே விழுந்ததில் பெரும்பகுதியை அப்படியே கீழே அனுப்பிவிடும். ஒரு ஹெக்டேர் மொட்டைப் பாறையில் 1 செ.மீ. மழை விழுந்தால் 1 லட்சம் லிட்டர் தண்ணீர். மயிலத்தில் விழுந்ததுபோல 51 செ.மீ. விழுந்தால் 51 லட்சம் லிட்டர். மண்காட்டில் விழும் முதல் மழையைப் பூமியே உறிஞ்சிக்கொள்ளும். பாறைக்குன்றில் விழும் முதல் தூறலே ஓடை கட்டி இறங்கும். இந்தப் பக்கத்துப் பழைய ஏரிகள் பல குன்றின் காலடியில் கிடப்பதற்கு இதுவே காரணம். குன்றுதான் ஏரிக்குக் கூரைத் தாழ்வாரம். தாழ்வாரத்தை இடித்துவிட்டு முற்றத்து அண்டாவில் தண்ணீர் சேரவில்லையே என்று கேட்கிறவரை என்ன சொல்வது?

பனமலைக்கு வந்தால் இது பாடமாக இல்லாமல் கண்ணெதிரே தெரியும். விழுப்புரத்துக்கு வடமேற்கே, அன்னியூரை அடுத்து, தாழ்வான ஒரு பாறைக்குன்று. குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில். பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஏரி. நல்ல மழை ஆண்டில் மார்கழி வாக்கில் மேலே ஏறி நின்றால், கல்லும் நீரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்க்கலாம். கோடையில் வந்தால் வெடித்த ஏரித்தரையும் மேயும் மாடுகளும். இரண்டும் ஒரே இடம்தான். கோடையில் மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் எழுதிய தீர்ப்பை நாம் பத்திரமாகச் சுமந்துகொண்டிருக்கிறோம்.

இந்த ஏரிக்குக் குன்று தரும் நீர் மட்டும் போதாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் துரிஞ்சலாற்றின் குறுக்கே கீரனூர் அணைக்கட்டில் ஒரு கால்வாய் புறப்படுகிறது. நந்தன் கால்வாய் என்று பெயர். வழியில் முப்பத்தாறு ஏரிகளுக்கு நீர் கொடுக்கும் வகையில் அமைக்கப்பட்டு, ஏறத்தாழ 38 கி.மீ. ஓடிப் பனமலை ஏரியில் முடிகிறது. அது தூர்ந்து கிடந்த ஆண்டுகளும், கடைசி ஏரிவரை நீர் வராமல் போன ஆண்டுகளும் ஏராளம். அதைச் சீரமைக்கச் சொல்லி இந்தப் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறார்கள். பணம் ஒதுக்குவார்கள், தூர் வாருவார்கள், அடுத்த சில ஆண்டுகளில் மறுபடி முள் மண்டும். மலையேற்றம் என்றால் மேற்குத்தொடர்ச்சி மலைதான் என்று நினைக்கும் இளைஞர்களிடம் நான் கேட்பது இதுதான்: இந்தக் கால்வாய்க் கரையோடு ஒரு பகுதியாவது நடந்து பாருங்கள். எங்கே சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது, எங்கே மதகு உடைந்திருக்கிறது, எந்த ஊருக்குக் கீழே கால்வாய் வெறும் பள்ளமாகிவிட்டது என்பதெல்லாம் காலில் தெரியும். காட்டருவி தேடிப் போகிறவன் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்க்கிறான். இங்கே நடக்கிறவன் தண்ணீர் ஏன் வந்து சேரவில்லை என்று பார்ப்பான். இரண்டாவது நடை கடினமானது, ஊருக்கு வேண்டியதும் அதுதான்.

அருவியே இல்லையா என்று அப்போதும் கேட்பார்கள். ஏரி கோடி போகும் நாளில் யாராவது அவர்களை இங்கே கூட்டி வர வேண்டும். ஏரி நிரம்பி, கலங்கல் கல்லைத் தாண்டி நீர் வழிகிற அந்த நாளுக்கு எங்கள் பக்கத்தில் பண்டிகைக்குச் சமமான மதிப்பு உண்டு. ஊரே கரைக்கு வரும். கற்பூரம் காட்டிப் பூப்போட்டுக் கும்பிடுகிற ஊர்கள் உண்டு, கிடா வெட்டுகிற ஊர்களும் உண்டு. பிள்ளைகள் வழியும் நீரில் குதிப்பார்கள். நீரை எதிர்த்து ஏறுகிற மீனைப் பிடிக்க வலையோடும் கூடையோடும் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சில ஆண்டுகளில் கோடி போகாது. சில நேரம் பல ஆண்டுகள் தொடர்ந்து போகாது. அதனால்தான் போகும் ஆண்டு அத்தனை பெரியது. குற்றாலத்தில் நீர் தானாக விழுகிறது. இங்கே விழும் நீருக்குப் பின்னால் கரை கட்டிய கைகள் இருக்கின்றன, கால்வாய் வெட்டிய கைகள் இருக்கின்றன. அந்த உழைப்பும் சேர்ந்துதான் வழிகிறது. இதைப் பார்க்க நூறு மைல் தாண்டி வரலாம் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

இரண்டாவது தீர்ப்புக்கு வருகிறேன். நடந்து போய்ப் பார்க்க எதுவும் இல்லையாம்.

பனமலைக் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் நரசிம்மவர்மன் என்கிற ராஜசிம்மன். காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எழுப்பிய அதே பல்லவன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தலைநகரிலும் துறைமுகத்திலும் கட்டியவனுக்கு இந்தப் பாறைமேடும் ஒரு கோயில் எழுப்பத் தகுந்த இடமாகத் தெரிந்திருக்கிறது. விமானத்தை ஒட்டிய சிறு கோட்டம் ஒன்றின் சுவரில் உமையின் ஓவியம் இருக்கிறது. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் நிலை. ஆடும் சிவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிவனின் பக்கம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. உமை மட்டும் நிற்கிறாள். பல்லவர் ஓவியங்களில் நமக்கு எஞ்சியிருப்பது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தில் இவ்வளவு முழுமையாக ஒரு முகம் கிடைப்பது அரிது. பாதி மூடிய அந்தக் கண்ணையும் வளைந்த இடுப்பையும் ஆயிரத்து முந்நூறு ஆண்டு வெயிலும் மழைச்சாரலும் மனிதக் கையும் இன்னும் முழுதாக அழித்துவிடவில்லை. இதே குன்றில் மகிஷாசுரமர்த்தினிக்கு ஒரு சிறு குடைவரையும் உண்டு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

பனமலையோடு நின்றுவிடவில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கத்தில் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் தானே அறிவித்தான். தமிழகத்துக் கட்டடக் கலை வரலாற்றில் ஒரு புது வழி திறந்தது, நாம் "வெறும்" என்று தள்ளுகிற இதே பாறையில். தளவானூரிலும் அவனுடைய குடைவரை இருக்கிறது. செஞ்சியை ஒட்டிய திருநாதர் குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் ஒரே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைப் பற்றிய மிகப் பழைய கல்வெட்டும் அங்கேதான். கீழ்வாலைப் பாறையில் செங்காவியால் தீட்டிய தொல்பழங்கால ஓவியங்கள். திருவக்கரையில் செம்மண் ஓடைகளுக்கிடையே ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே ஏறிவிட்டது. இவ்வளவும் ஒரே மாவட்டத்தில், காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக் கூடிய தூரங்களில்.

வெயில் தாங்காது என்பார்கள். சித்திரையில் உச்சி நேரத்தில் எந்தப் பாறையும் தாங்காது, உண்மை. கார்த்திகையிலிருந்து மாசி வரை விடிகாலையில் ஏறினால் பிள்ளைகளும் பெரியவர்களும் தாராளமாக நடக்கலாம். பக்கத்துத் திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கி.மீ. கிரிவலம் நடக்கிற சனங்கள் நாம். நடக்க நமக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வறண்ட நிலத்தைப் பார்க்க நம் முன்னோருக்குக் கண் இருந்தது. அகநானூற்றின் நானூறு பாட்டில் ஒற்றைப்படை எண் கொண்டவை அத்தனையும் பாலைத்திணை. சரிபாதி, இருநூறு பாட்டு. காய்ந்த வழியையும் வெடித்த பாறையையும் நீர் தேடும் யானையையும் பாட ஒரு தொகையின் பாதியைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், பச்சையும் ஈரமும் இல்லாத இடம் பார்க்கத் தகுந்ததில்லை என்று முடிவு கட்டிவிட்டோம். இந்தப் பார்வை சுற்றுலா விளம்பரங்கள் பழக்கிவிட்டது. நம் இலக்கியத்தில் இதற்கு வேர் இல்லை.

அமெரிக்காவில் அரிசோனாவின் வறண்ட செம்பாறைப் பிளவுக்குள் ஹவாசு அருவி என்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ நூறு அடி உயரம். சுண்ணாம்பு கரைந்த நீலப்பச்சை நீர். அதைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்கிக் காத்திருக்கிறார்கள். நம்மூர்ச் சுற்றுலா ஆர்வலர்கள் அந்தப் படத்தைக் காட்டி, "பாலைவனத்திலேயே எப்படிச் சம்பாதிக்கிறார்கள் பாருங்கள்" என்கிறார்கள். படத்தோடு நிறுத்தாமல் மிச்சத்தையும் படியுங்கள். அந்த அருவி ஹவாசுபாய்ப் பழங்குடியினரின் நிலம். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில் 1,85,000 ஏக்கர் 1975-இல்தான் சட்டம் இயற்றித் திருப்பித் தரப்பட்டது. அவர்களுடைய சூப்பாய் ஊருக்கு இன்றும் சாலை கிடையாது. மேட்டிலிருந்து ஏறத்தாழ 13 கி.மீ. இறங்கி நடக்க வேண்டும். இல்லையென்றால் குதிரை, கோவேறு கழுதை, ஹெலிகாப்டர். தபால்கூடக் கோவேறு கழுதை முதுகில்தான் போகிறது. பகலில் வந்து பகலிலேயே திரும்பும் கூட்டத்துக்கு அனுமதி இல்லை. எத்தனை பேர் வரலாம் என்பதை முடிவு செய்வது அந்த ஊர். அங்கே நாம் கற்க வேண்டியது இந்த உரிமையை.

இங்கே "மேம்பாடு" என்று முன்வைக்கப்படுவது வேறு. குன்றின் மேல் வரை தார்ச்சாலை, ஏரியில் படகு சவாரி, செல்ஃபி மேடை, முடிந்தால் கம்பிவட ஊர்தி, கோடையிலும் மோட்டார் போட்டு விழவைக்கும் செயற்கை அருவி. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட 2010 சட்டத் திருத்தத்தின்படி தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. சட்டத்தை விடுங்கள். ஓர் ஆள் நிற்க இடமுள்ள கோட்டத்தில், பொரிந்து உதிர்ந்துகொண்டிருக்கும் சுண்ணப்பூச்சின் மேல் அந்த உமை இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தாயிரம் பேர் வந்து, ஆளுக்கொரு படம் எடுத்து, சுவரில் கை வைத்துவிட்டுப் போனால் எத்தனை ஆண்டு தாங்குவாள்? படகுத்துறை வந்த பிறகு, பாசனத்துக்கு மதகு திறக்க வேண்டிய நாளில் படகுக்கு நீர் வேண்டும் என்று ஒரு குரல் எழும். ஆயக்கட்டு விவசாயிக்கும் அந்தக் குரலுக்கும் சண்டை வந்தால் யார் பக்கம் தீர்ப்பாகும் என்பது நமக்குத் தெரியாததா?

கல் உடைப்பவர்களின் வாதம் இதைவிட வலுவானது. அதை நான் தட்டிக் கழிக்கப் போவதில்லை. வீடு கட்ட ஜல்லி வேண்டும், சாலைக்கு வேண்டும், பள்ளிக்கூடத்துக்கும் வேண்டும். ஆற்றுமணலுக்குப் பதில் எம்-சாண்டும் பாறையிலிருந்துதான் வருகிறது. நிலமில்லாத குடும்பங்களுக்குக் குவாரி கூலி கொடுக்கிறது. எல்லாம் உண்மை. கல்லே வெட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கல்லை என்பதுதான் என் கேள்வி. ஏரிக்குத் தலைமாட்டில் நிற்கிற குன்றை உடைத்தால், நேற்று வரை நீரை வெளியே அனுப்பிய இடம் நாளை நீரைத் தனக்குள் வாங்கும் ஆழ்பள்ளம். ஏரிக்கு ஒரு சொட்டு வராது. குவாரிக் கூலி பாறை தீரும்வரை. ஏரி நிரம்பினால் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் ஆண்டுதோறும். கூலியும் ஆண்டுதோறும். ஏரிகளில் புகுந்த ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் மாநிலம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் பேசுவது ஏரியைப் பற்றி. ஏரிக்கு நீர் அனுப்பும் மொட்டைப் பாறையை வருவாய்க் கணக்கு இன்னமும் பாறைப் புறம்போக்கு என்றே எழுதி வைத்திருக்கிறது. யாருக்கும் உரியதில்லை என்று எழுதப்பட்டது எதுவும் ஏலத்துக்கு வரும்.

அப்படி ஏலம் வந்தபோது நிறுத்திக் காட்டிய ஊரும் உண்டு. மதுரை மேலூரை அடுத்த அரிட்டாபட்டியிலும் குன்றுகள்தான், பாறைகள்தான். அங்கே சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் சுனைகளும் இருக்கின்றன. 2022-இல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது சுற்றுவட்டாரக் கிராமங்கள் திரண்டன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்கள் தங்கள் குன்றை ஒருநாளும் வெறும் பாறை என்று சொல்லிப் பழகவில்லை. எந்தச் சுனையில் எப்போது நீர் நிற்கும், எந்தப் பாறையின் நீர் எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைத்தான் காப்பாற்ற முடியும்.

ஆகவே எங்கள் மாவட்டத்துக்குக் கேட்பது இவ்வளவே. ஏரிகளுக்கு நீர் தரும் குன்றுகள் எவை என்று ஊர் ஊராகப் பட்டியல் எடுத்து, அவற்றில் குவாரி உரிமம் தரக் கூடாது. நந்தன் கால்வாயை ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் கடைசி ஏரி வரைக்கும் தூர் வார வேண்டும். உமையின் ஓவியத்துக்கு முன்னால் ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து, அதைச் சொல்லிக் கொடுக்க அந்த ஊர்ப் பிள்ளைகளையே பயிற்றி அமர்த்த வேண்டும். கம்பிவட ஊர்தி வேண்டாம், படகு வேண்டாம். வாசகர்களிடம் கேட்பது இன்னும் குறைவு. வரும் கார்த்திகையில், மழை விட்டதும், அன்னியூர் வழியாகப் பனமலைக்கு வாருங்கள். குடிக்கத் தண்ணீர் கையில் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துப் போங்கள், ஓவியத்தைத் தொடாதீர்கள். ஏரிக்கரையில் நடந்துகொண்டே, இந்த ஆண்டு கோடி போயிற்றா என்று எதிரே வருகிறவரைக் கேளுங்கள். போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்றும் கேளுங்கள். கிடைத்த பதிலை எழுதி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனுவாக அனுப்புங்கள்.